வானொலித் தமிழை வகுத்தவர்கள்

ஒரு மொழியின் பொதுவழக்கு எவ்வாறு உருவாகிறது என்று ஆராயும்போது நாம் இலக்கண ஆசிரியர்களையும் பாடநூல்களையும் அச்சகங்களையுமே முதலில் நாடுகிறோம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் தமிழைப் பொறுத்தவரை, வானொலி அறிவிப்பாளர்களையும் அவ்வரிசையில் வைத்து நோக்க வேண்டும். அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், ஒலிவாங்கியின்முன் அமர்வதற்கு முன்னர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்னும் விவரங்கள் மொழி வரலாற்றுக்குரிய சான்றுகளாகும்.

சிங்கப்பூரில் கால்டிகாட் குன்றிலிருந்து 1937ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒலிபரப்புத் தொடங்கிற்று. போருக்குப்பின், 1946இல், மலாயா வானொலி அமைந்தது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிப் பிரிவுகள் அதில் இயங்கின. 1959இல் சிங்கப்பூர் வானொலி தனி நிலையமாகப் பிரிந்தது. இக்காலத்தில் தமிழ்ப் பிரிவின்முன் நின்ற மொழிச் சிக்கல் எளியதன்று. ஒலிபரப்பைக் கேட்டவர்கள் பல வட்டாரத்தினர். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு எனப் பல மாவட்டங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள் ஒருபுறம். அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் பணியாற்றிய யாழ்ப்பாணத்தார் மறுபுறம். வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களும் செட்டிநாட்டாரும் இன்னொருபுறம். 'வந்தார்கள்' என்னும் ஒரு வினைமுற்றே ஒருவர் வாயில் 'வந்தாங்க' என்றும், தென்பாண்டியார் வாயில் 'வந்தாக' என்றும், யாழ்ப்பாணத்தார் வாயில் 'வந்தவை' என்றும் ஒலிக்கும். வானொலி இவற்றுள் எதைப் பேசுவது?

இவ்வினாவுக்கு விடையளித்தவர்கள் மொழியியலாளர் அல்லர், எழுத்தாளர்கள். மூவரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் ந. பழநிவேலு. நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கலில் 1908இல் பிறந்து, 1930இல் மலாயாவுக்கு வந்தவர். ரப்பர்த் தோட்டத்திலும் நகரப் போக்குவரத்து நிறுவனத்திலும் பணியாற்றிக்கொண்டே கவிதையும் நாடகமும் எழுதியவர். 1949இல் வானொலியில் சேர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்குப் பணிபுரிந்தார். இரண்டாமவர் 'புதுமைதாசன்' என்னும் புனைபெயர் கொண்ட பி. கிருஷ்ணன். 1932இல் ஜொகூர் பாருவில் பிறந்த இவர், சிறுகதையாசிரியராக அறியப்பட்ட பின்னரே சிங்கப்பூர் வானொலிக்கு வந்தார். மூன்றாமவர் ரெ. கார்த்திகேசு. 1940இல் கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் பயின்றவர். மலேசிய வானொலி, தொலைக்காட்சியில் பணியாற்றியபின் பினாங்கில் பொதுமக்கள் தகவல் சாதனத் துறைப் பேராசிரியரானார்.

மூவரைக் கொண்டு அனைவரையும் அளந்துவிட இயலாது. எனினும் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. பிறந்த மண் காவிரிக் கரையிலிருந்து இந்நாட்டுக்கு நகர்கிறது. கல்வி, தானே கற்ற நிலையிலிருந்து பல்கலைக்கழகப் படிப்புக்கு உயர்கிறது. மாறாத கூறு ஒன்று உண்டு: மூவரும் எழுதப் பழகிய கையோடு பேச வந்தவர்கள்.

இப்பின்புலம் வானொலித் தமிழில் இரண்டு அடுக்குகளை நிலைநிறுத்தியது. செய்தியிலும் உரையிலும் அவர்கள் எழுத்துவழக்கைப் பிசிறின்றி வாசித்தார்கள். அங்கே 'வந்தார்கள்' என்பதே வடிவம். வட்டார வேற்றுமை எதற்கும் இடமில்லாததால் எவரும் அதனை அயலாகக் கருதவில்லை. நாடகத்தில் அவர்களே பேச்சுவழக்கைக் கையாண்டார்கள். பி. கிருஷ்ணன் எழுதிய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' தொடர்நாடகம், அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த சிங்கப்பூர்த் தமிழரின் வாழ்க்கையை நகைச்சுவையோடு காட்டியது. ஊர் எதுவென்று சுட்டாத பொதுப்பேச்சு இத்தகைய நாடகங்களுக்கு ஏற்றதாயிற்று. 'வந்தாங்க' போன்ற வடிவங்கள் அதில் வேரூன்றின. பொதுப் பேச்சுத்தமிழ் உருவானதில் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் உள்ள பங்கை ஹெரால்ட் ஷிஃப்மன் போன்ற மொழியியலாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். நம் வட்டாரத்தில் அப்பங்கில் வானொலிக்கும் உரிய இடமுண்டு.

இன்று ஒலி 96.8, மின்னல் பண்பலை, ராகா ஆகியவற்றில் பேசும் இளையோரின் பின்புலம் வேறு. மலேசியாவில் தமிழ்ப்பள்ளி வழியாக வருவோர் உண்டு. சிங்கப்பூரில் தமிழைத் தாய்மொழிப் பாடமாக மட்டும் பயின்று, ஏனைய பாடங்களை ஆங்கிலத்தில் கற்று வருவோர் உண்டு. நிகழ்ச்சிகளின் இயல்பும் மாறிவிட்டது. எழுதி வைத்து வாசிப்பதைவிட, தொலைபேசியில் அழைக்கும் நேயரோடு அக்கணத்தில் உரையாடுவதே பெரும்பகுதி. ஆகவே பேச்சுத்தமிழ் நாடகத்தைக் கடந்து வானொலி முழுதும் பரவியுள்ளது. இதனைச் சீர்கேடு என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது அறிவியல் நோக்காகாது. ஆனால் முன்னோர் இரண்டு அடுக்குகளிலும் இயங்கினர். இன்றைய இளைஞர் ஒன்றில் மட்டும் இயங்கினால் இழப்பு நேரும் என்பதை மறுக்கவும் இயலாது.

சிங்கப்பூரில் இல்லத்தில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளரில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்கு, ஆசிரியரை அடுத்து நாள்தோறும் கிடைக்கக்கூடிய வளர்ந்தவர் தமிழ் வானொலித் தமிழே. 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரைக்குச் செவிவழித் துணையாக நிற்கக்கூடியது வானொலியே.

ஆசிரியர்கள் இதனை எளிதில் பயன்படுத்தலாம். ஒரே நாளின் செய்தியறிக்கையையும் நேயர் நிகழ்ச்சியையும் மாணவர்கள் கேட்டு, இரண்டிலும் வரும் வினைமுற்றுகளைத் தனித்தனியே பட்டியலிடட்டும். 'தெரிவித்தார்' எங்கே வருகிறது, 'சொன்னாங்க' எங்கே வருகிறது என்பதை அவர்களே கண்டறிவார்கள். இரண்டையும் இடமறிந்து ஆளும் மாணவர் ஒருவர் அவ்வகுப்பிலிருந்து உருவானால், வானொலிக்கு அடுத்த அறிவிப்பாளர் கிடைத்துவிட்டார் என்று நாம் கொள்ளலாம். பழநிவேலுவின் காலத்தில் அறிவிப்பாளரைத் தந்தவை தோட்டமும் எழுத்துமேசையும். இனி அவரைத் தரவேண்டிய இடம் வகுப்பறை.