மதிலை வீழ்த்திய மாணாக்கர்

"காலி நிலம்!" - காசு பெருக்கக் கருதுவோர் நாவிலே தித்திக்கும் சொல் இது. கட்டடம் இல்லையா? காலி. கதிர் விளையவில்லையா? காலி. வேலி இல்லையா, உரிமைப் பத்திரம் இல்லையா? காலி, காலி! அந்த நிலத்திலே காலையும் மாலையும் பிள்ளைகள் ஓடுகிறார்கள், பந்தெறிகிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள். தோற்றவன் தோளிலே வென்றவன் கை போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறான். இவையெல்லாம் கணக்கிலே ஏறுவதில்லை. கணக்குப் பார்ப்பவன் கண்ணுக்குச் செங்கல் தெரியும். சிறுவனின் சிரிப்புத் தெரியாது.

இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. ஏட்டிலே கருத்தாகப் பிறந்து, சட்டமாக வளர்ந்து, பள்ளித் திடலின் குறுக்கே மதிலாக எழுந்து, இறுதியில் பிஞ்சுக் கரங்களால் சாய்க்கப்பட்ட வரலாறு அது. நடந்த இடம் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா. முடிந்த நாள் 2015 சனவரி 19. தொடங்கியதோ, அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பு.

1895இல் பிரிட்டன் அந்த மண்ணைத் தன் பாதுகாப்பு நாடென அறிவித்தது. பாதுகாக்க வந்தவருக்கு முதலில் வேண்டியிருந்தது நிலம். பிறர் நிலத்தைப் பறிப்பது பாவமாயிற்றே! அதற்குச் சட்ட அறிஞர்கள் வழி கண்டனர். பாழாகவும் ஆளற்றும் கிடக்கும் நிலத்தை வழங்கும் உரிமை முடியரசுக்கே உண்டு என்று 1899இல் கருத்துரைத்தனர். 1902இல் அது முடிநிலச் சட்டமாயிற்று. மாசாய் மக்கள் மந்தை மேய்க்க விட்டிருந்த வெளி, கிக்குயு உழவன் மண்ணுக்கு ஓய்வு கொடுத்து விட்டுவைத்த காணி ஆகியவற்றில் வந்தேறியின் கண்ணுக்குப் பாழாகத் தெரிந்தவையெல்லாம் அரசருக்குரியவை ஆயின. 1915இல் வந்த சட்டமோ மக்கள் குடியிருந்த நிலத்தையும் முடிநிலம் என்றது. குடியேறிய வெள்ளையருக்கு 999 ஆண்டுக் குத்தகைக்கு வழி திறந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள்! ஆயிரம் என்றால் பேராசை என்பார்களே என்று ஒன்றைக் குறைத்துக்கொண்டார்கள் போலும்!

அந்த மண்ணை மீட்கத்தான் கென்யர் போரிட்டனர். காட்டிலே ஆயுதம் ஏந்தியோர் தம் படைக்கு இட்டுக்கொண்ட பெயரிலேயே நிலமும் விடுதலையும் இணைந்திருந்தன. 1963 டிசம்பர் 12இல் விடுதலை வந்தது. கொடி மாறியது, கொற்றம் மாறியது. சட்டம் மாறிற்றா? முடிநிலம் என்றிருந்த பெயர் அரசு நிலம் என்றாயிற்று. ஆளுநர் கையிலிருந்த வழங்கும் உரிமை குடியரசுத் தலைவரின் கைக்குப் போயிற்று. பூட்டு அதே பூட்டு. சாவி மட்டும் கைமாறிற்று. வெள்ளையன் வெளியேறினான், அவன் விட்டுச் சென்ற வேட்கை வெளியேறவில்லை.

சாவி பெற்றவர்கள் வாளாவிருப்பார்களா? 1978 முதல் 2002 வரை டேனியல் அராப் மோய் ஆண்ட காலத்தில், பொதுநிலம் பதவியாளரின் பரிசுப் பொருளாயிற்று. ஆதரவாளருக்கு ஒரு துண்டு. அடிவருடிக்கு ஒரு துண்டு. தேர்தல் செலவுக்கு ஒரு துண்டு! சந்தை, சாலையோரம், காடு, கல்லறைத் தோட்டம் ஆகியவற்றோடு பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடலும் பங்கிடப்பட்டது.

இந்தக் களவு இருளிலே கன்னம் வைத்து நடப்பதன்று. பட்டப்பகலில் பேனா முனையில் நடப்பது. நகர வரைபடத்திலே பள்ளிக்கென்று ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கும். பள்ளியின் பெயரில் உரிமைப் பத்திரம் இராது. 'அரசுப் பள்ளிக்கு அரசு நிலம், பத்திரம் எதற்கு?' என்று பெரியவர்கள் இருந்துவிடுவார்கள். நில அலுவலகத்திலிருந்து வேண்டிய ஒருவருக்கு ஒதுக்கீட்டுக் கடிதம் பறக்கும். கடிதம் பெற்றவர் அதையே சரக்காக்கி மற்றொருவருக்கு விற்பார். வாங்கியவர் பத்திரம் பதிவார். பதிவான பத்திரம் புனிதமானது, அதைத் தொடலாகாது என்று சட்டம் காவல் நிற்கும். 'நான் விலை கொடுத்து வாங்கிய அப்பாவி' என்பார் இறுதியாக வந்தவர். திருடியவனும் இல்லை, திருட்டுக் கொடுத்தவனும் இல்லை. திடல் மட்டும் போயிற்று!

ஏன் திடலைக் குறி வைத்தனர்? வகுப்பறைக்குச் சுவர் உண்டு. இடித்தால் ஓசை கேட்கும். திடலுக்குச் சுவர் இல்லை. எடுத்தால் ஓசை கேளாது. பள்ளிக்கு விடுமுறை உண்டு. அப்போது பார்ப்பார் இல்லை. தலைமையாசிரியரின் இடமாற்றம் மேலோர் கையில் இருக்கிறது. அவர் வாய் திறக்க அஞ்சுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, திடலுக்கு உரியவர்கள் சிறுவர்கள். அவர்களுக்கு வாக்குச் சீட்டு இல்லை!

இந்தக் கொள்ளையை எதிர்த்து எழுந்த முதல் பெருங்குரல் ஒரு பெண்ணின் குரல் என்பதை நாம் மறத்தலாகாது. வங்காரி மாத்தாய், நைரோபிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாகப் பணியாற்றியவர். 1977இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கி, நாட்டுப்புறப் பெண்களைக் கொண்டு மரம் நட்டவர். 1989இல் நைரோபி நகரின் நடுவிலுள்ள உகுரு பூங்காவில் 60 அடுக்குக் கோபுரமும் குடியரசுத் தலைவருக்கு ஒரு பெருஞ்சிலையும் எழுப்பத் திட்டமிட்டனர். உகுரு என்றால் சுவாகிலி மொழியில் விடுதலை. விடுதலையின் பெயர் தாங்கிய பூங்காவின் நெஞ்சிலே ஆள்வோரின் கோபுரம்! அது பள்ளித் திடலன்று. ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து காலாற நடக்கும் பொதுவெளி. ஆயினும், பொதுவெளியைக் காக்கும் பாடம் அங்கேதான் கற்கப்பட்டது.

மாத்தாய் மடல்மேல் மடல் எழுதினார்; நீதிமன்றம் ஏறினார். நீதிமன்றம் என்ன சொல்லிற்று? வழக்குத் தொடுக்க உமக்குத் தகுதி இல்லை என்றது! பூங்கா பொதுச் சொத்து; பொதுமக்களில் ஒருத்திக்கு அதைக் காக்கத் தகுதி இல்லையாம். குடியரசுத் தலைவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஆப்பிரிக்க மரபுப்படி பெண் ஆணை மதித்து அடங்கியிருக்க வேண்டும் என்று உபதேசித்தார். மரபு! எந்த நாடானால் என்ன, எந்த நிறமானால் என்ன? நியாயம் கேட்கும் பெண்ணை அடக்க ஆதிக்கக்காரன் எடுக்கும் ஆயுதம் ஒன்றே. ஆனால் அந்த அம்மையார் அடங்கவில்லை. பணம் தர வந்த வெளிநாட்டார் பின்வாங்கினர், கோபுரம் எழவில்லை, பூங்கா நின்றது.

ஒரு பூங்கா பிழைத்தது, பறிப்போ நிற்கவில்லை. 1994இல் நைரோபியிலுள்ள மாசிங்கிரா நிறுவனத்தார் நிலப்பறிப்பை எதிர்த்து 'ஃபிரிம்பி' என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். ஃபிரிம்பி என்றால் ஊதல். திருடனைக் கண்டால் ஊதலை ஊது, ஊரைக் கூட்டு என்பதே அதன் பொருள். 1999 சனவரியில் கரூரா காட்டைக் கூறுபோட்டதை எதிர்த்து மரக்கன்று நடச் சென்ற மாத்தாய் அடியாட்களால் தாக்கப்பட்டார். தலையில் வழிந்த குருதியைத் தொட்டே போலீஸ் நிலையத்தில் புகாருக்குக் கையொப்பமிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், பொதுநிலத்தை இனித் தனியாருக்கு ஒதுக்கக் கூடாது என்று மோய் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2004இல் உலகம் அந்த அம்மையாருக்கு அமைதிக்கான நோபல் பரிசு அளித்தது.

மோய் ஆட்சி 2002இல் முடிந்தது. அடுத்து வந்த ம்வாய் கிபாக்கி அரசு, வழக்கறிஞர் பால் இண்டுங்கு தலைமையில் 2003இல் ஆணையம் அமைத்தது. 2004இல் வெளிவந்த அதன் அறிக்கை நாட்டையே நடுக்கிற்று. 1962 முதல் 2002 வரை முறைகேடாகப் பிறந்த உரிமைப் பத்திரங்கள் சுமார் 2 இலட்சம் என்று அது மதிப்பிட்டது. தேர்தல்களை ஒட்டிப் பறிப்பு பெருகியதையும் அது எடுத்துக்காட்டிற்று. வாக்குப் பெட்டி வரும்போதெல்லாம் வரைபடத்திலே ஒரு திடல் தேய்ந்தது!

அறிக்கை வந்தால் அநீதி ஓடிவிடுமா? அலமாரியிலே அடைபட்ட அறிக்கைகள் எத்தனை! ஆனாலும் உண்மை ஒருமுறை அச்சேறிவிட்டால் அதை அழிப்பது எளிதன்று. 2010இல் கென்ய மக்கள் வாக்களித்துப் புதிய அரசியல் சட்டத்தை ஏற்றனர். முறைகேடாகப் பெறப்பட்டதெனக் காணப்படும் சொத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று அதன் 40ஆம் பிரிவு கூறிற்று; பத்திரத்தின் புனிதம் அன்றே உடைந்தது. பொதுநலனுக்காக எவரும் வழக்குத் தொடுக்கலாம் என்றும் அச்சட்டம் சொல்லிற்று. 'உமக்கென்ன தகுதி?' என்று 1989இல் ஒரு பெண்ணைக் கேட்ட கேள்விக்கு, 21 ஆண்டுகள் கழித்து ஒரு நாடே விடையெழுதிற்று!

ஏட்டிலே விடை கிடைத்தது. மண்ணிலே கிடைத்ததா? அதைச் சோதித்தவர்கள்தான் லாங்காட்டா சாலைத் தொடக்கப் பள்ளியின் பிள்ளைகள்.

நைரோபியில் ஒரு பெருஞ்சாலையின் ஓரத்தில் உள்ள பள்ளி அது. 2003இல் தொடக்கக் கல்வி இலவசமானதும் கென்யப் பள்ளிகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தனர். வகுப்பிலே நெருக்கம்; வெளியே திடல் ஒன்றுதான் மூச்சுவிடும் இடம். விடுமுறை முடிந்து, தொடர்ந்து வந்த ஆசிரியர் வேலைநிறுத்தமும் முடிந்து, 2015 சனவரி 19ஆம் நாள் திங்கட்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். அவர்கள் ஓடிய இடத்திலே ஒரு மதில் நின்றது.

பிள்ளைகள் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. துணைக்கு வந்த சமூகத் தொண்டர்களோடு சேர்ந்து மதிலைத் தள்ளினார்கள். எட்டு வயதும் பத்து வயதுமான கைகள்! எதிரே போலீசார் - தடியோடு, நாயோடு, துப்பாக்கியோடு. கண்ணீர்ப் புகைக் குண்டுகள் பறந்தன. பாடநூல் பிடித்த கைகள் கண்ணைக் கசக்கின. மூச்சுத் திணறிய பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஆனால் மதில் சாய்ந்தது.

அந்தக் காட்சியின் படங்கள் உலகெங்கும் பரவின. மறுநாள் உள்துறை அமைச்சர் ஜோசப் இன்கைசெரி பள்ளிக்கே வந்து பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். போலீசாரை நடத்திச் சென்ற அதிகாரி தற்காலிகமாக நீக்கப்பட்டார். திடல் பள்ளிக்கே உரியது என்று அரசு ஒப்பிற்று. பள்ளி நிலங்களை அளந்து, பள்ளியின் பெயரிலேயே பத்திரம் பெற்றுத் தரவேண்டும் என்னும் கோரிக்கை நாடெங்கும் ஓங்கிற்று. 'ஷூலே யாங்கு', அதாவது 'என் பள்ளி' என்னும் பெயரில் பல அமைப்புகள் கூட்டாக அப்பணியில் இறங்கின.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். 'சிறுவரைப் போராட்டத்துக்கு இழுக்கலாமா? புகைக் குண்டின் முன்னே நிறுத்தலாமா?' என்று கென்யாவிலேயே கேட்டனர். ஆசிரியத் தொழில் பூண்ட எவனும் இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. ஒரு பிள்ளையின் கண் ஓராயிரம் திடலினும் பெரிது. அந்தக் கண் எரிந்ததை எண்ணி மகிழ யாராலும் ஆகாது. ஆனால் பழி எங்கே சேரும்? கடிதம் எழுதிய கைக்கு, பத்திரம் பதிந்த கைக்கு, சுவர் எழும்போது சும்மாயிருந்த கைகளுக்கு, புகைக் குண்டை எறிந்த கைக்கு - அத்தனை கைகளுக்கும் சேர்ந்த பிறகல்லவா மதிலைத் தள்ளிய கைகளின் முறை வரும்? பெரியவர்கள் தம் கடமையை முடித்திருந்தால், பிள்ளைகள் அன்று பந்தை அல்லவா தள்ளியிருப்பார்கள்! அந்த வெற்றியில் பிள்ளைகளுக்குப் பெருமை. பெற்ற தலைமுறைக்கு வெட்கம். இரண்டையும் சேர்த்தே நாம் படிக்கவேண்டும்.

'நகரம் வளர்கிறதே, வீடு வேண்டாமா? கடை வேண்டாமா?' என்பார் சிலர். வேண்டும், தோழரே, வேண்டும். இடித்த கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். கட்டடம் எழுந்த திடலோ மீள்வதில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தோட்டம் உண்டு, மன்றம் உண்டு, கட்டணம் கட்டி ஆடும் களம் உண்டு. ஏழைப் பிள்ளைக்குப் பள்ளித் திடல் ஒன்றே உண்டு. பெயரும் பிறப்பும் கேளாமல், கால் உள்ளவர்க்கெல்லாம் ஓட இடம் தருகின்ற அந்தத் திடலைச் சுருக்குவது, சமத்துவம் பழகும் பள்ளியைச் சுருக்குவதாகும்.

கென்யாவின் கதை நமக்குச் சொல்வது ஒன்றுதான். பறிப்பவனின் முதற்படி மதிலன்று, சொல். 'காலி நிலம்' என்ற சொல். 1899இல் அதைச் சொன்னவன் அயலான். பிறகு சொன்னவன் உள்ளூரான். சொன்னவன் நிறம் மாறிற்று, சொல் மாறவில்லை. ஆதலால் அந்தச் சொல்லைக் கேட்ட அன்றே எழவேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளித் திடல் எவர் பெயரில் உள்ளது? அளந்த கல் நிற்கிறதா? பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது? இவற்றைக் கேட்பது பெரும் புரட்சியன்று. ஒரு மாலைப் பொழுதின் வேலை. அதைப் பெரியவர்கள் செய்யத் தவறினால், அந்தப் பாரம் பத்து வயதுப் பிள்ளையின் தோளில் விழும்.

அது காலி நிலமன்று. நாளைய மனிதர்கள் நிறைந்து நிற்கும் நிலம்!