கோழி எங்கிருந்து வருகிறது? பள்ளிகள் அதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஞாபகம் இருக்கிறதா?

மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்திய மாதம் அது. தடை ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முந்திய சில நாள்களில் ஈரச்சந்தைகளில் பரபரப்பு. கோழிச்சோற்றுக் கடைகளில் "இனி என்ன ஆகும்?" என்ற பேச்சு. உங்கள் வீட்டிலும் அம்மா இரண்டு கோழி கூடுதலாக வாங்கி ஃபிரிட்ஜில் திணித்திருக்கலாம்.

அதற்கு முந்திய ஆண்டு சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் 34 விழுக்காடு மலேசியாவிலிருந்து வந்தது. பெரும்பாலும் உயிருடன் லாரியில் வந்து, இங்கே வெட்டப்பட்ட கோழி. நம்மில் பலருக்கு அதுவே அப்போதுதான் தெரியும்! சின்ன வயதிலிருந்து சாப்பிடும் கோழியின் ஊரை, தடை வந்த பிறகு செய்தியில் படித்துத் தெரிந்துகொள்வது கொஞ்சம் விநோதம்தான்.

பத்தாண்டு பள்ளிக்குப் போயும் இது ஏன் தெரியவில்லை? மற்ற நாடுகள் மாணவர்களுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கின்றன?

<b>உணவுக் கட்டமைப்பு என்றால் என்ன?</b>

அந்தக் கோழியையே எடுத்துக்கொள்வோம்.

உக்ரேனில் போர் தொடங்கியது. உலகச் சந்தையில் சோளம் போன்ற தானியங்களின் விலை ஏறியது. கோழித் தீவனம் அந்தத் தானியங்களில்தான் தயாராகிறது. மலேசியப் பண்ணையாளர்களுக்குச் செலவு கூடியது. ஆனால் கோழிக்கு அரசாங்கம் உச்சவரம்பு விலை வைத்திருந்ததால் அவர்களால் விலையை ஏற்ற முடியவில்லை. உற்பத்தி குறைந்தது, உள்நாட்டிலேயே பற்றாக்குறை. அதனால் ஏற்றுமதிக்குத் தடை. கடைசியில் தோ பாயோவிலோ ஈசூனிலோ ஒரு கடைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

தீவனம், பண்ணை, விலைக் கட்டுப்பாடு, லாரி, சந்தை, அடுப்பு, கடைசியில் குப்பைத்தொட்டி. இந்த மொத்தச் சங்கிலிக்கும் பெயர்தான் உணவுக் கட்டமைப்பு. மண்ணையும் நீரையும் கெடுக்காமல், வேலை செய்பவர்களையும் நட்டத்தில் தள்ளாமல், உங்கள் பிள்ளைகள் காலத்திலும் அது ஓடினால் அதை நீடித்து நிலைக்கும் கட்டமைப்பு என்கிறார்கள். இப்போது அது அப்படி ஓடவில்லை. மனிதர்களால் வெளியாகும் வெப்பவாயுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உணவு சார்ந்தது.

<b>ஜப்பானில் மதிய உணவே ஒரு பாடவேளை</b>

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படும் நாடு ஜப்பான். காரணம் இருக்கிறது.

அங்கே பெரும்பாலான தொடக்கப்பள்ளிகளில் நம்முடையதைப் போலச் சிற்றுண்டிச்சாலைக் கடைகள் இல்லை. மதியம் மணி அடித்ததும் அன்றைய முறைக்காரர்களான மாணவர்கள் வெள்ளை மேலாடை, தொப்பி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு உணவை வகுப்புக்கே எடுத்து வருவார்கள். நண்பர்களுக்கு அவர்களே பரிமாறுவார்கள். ஆசிரியரும் அதே உணவை அதே வகுப்பில் சாப்பிடுவார். முடிந்ததும் தட்டுகளை அடுக்குவது, பால் பெட்டிகளைப் பிரித்து வைப்பது எல்லாம் பிள்ளைகளின் வேலை.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. ஜப்பானில் பள்ளி உணவு 1889ஆம் ஆண்டு சுருவோக்கா என்ற ஊரில் தொடங்கியதாகச் சொல்வார்கள். புத்த ஆலயத்துக்குள் நடந்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டை, உப்புப் போட்ட சால்மன் மீன், ஊறுகாய் கொடுத்தார்கள். போருக்குப் பிறகு, 1954ஆம் ஆண்டு, பள்ளி உணவுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அப்போதைய கவலை ஊட்டச்சத்து.

பெரிய திருப்பம் 2005ஆம் ஆண்டு. 'ஷொகுயிகு', அதாவது உணவுக் கல்வி, அங்கே சட்டமானது. ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற புதிய பணியும் அதே ஆண்டில் பள்ளிகளுக்கு வந்தது. பின்னர் பள்ளி உணவுச் சட்டத்தையும் திருத்தி, மதிய உணவின் நோக்கங்களைப் புதிதாக எழுதினார்கள். உணவு இயற்கையின் கொடை என்று உணர்வது, அதன் பின்னால் உழைப்பவர்களை மதிப்பது, உற்பத்தி, விநியோகம், பயனீடு மூன்றையும் புரிந்துகொள்வது எல்லாம் அதில் உண்டு. சாப்பாட்டு நேரத்துக்கு இப்படி ஒரு பாடத்திட்டம்!

பல பள்ளிகளில் அன்றைய கீரை எந்தப் பகுதியில் விளைந்தது என்று உணவுப் பட்டியலிலேயே போட்டிருப்பார்கள். சில நேரம் பயிரிட்டவரே வகுப்புக்கு வருவார்.

ஜப்பானும் இறக்குமதியை நம்பும் நாடுதான் என்பதைக் கவனியுங்கள். கலோரி கணக்கில் தனக்குத் தேவையான உணவில் 38 விழுக்காட்டை மட்டுமே அது உற்பத்தி செய்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க இவ்வளவு மெனக்கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். தட்டைக் காலி செய்தே ஆகவேண்டும் என்று பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவது பற்றி அங்கேயே விமர்சனம் உண்டு. எல்லாருக்கும் ஒரே உணவு என்பதும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஹலால், சைவம், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் என்று ஒரே மேசையில் உட்காரும் நம் பிள்ளைகளுக்கு அது சரிப்பட்டு வராது.

<b>பிரேசில் பிடித்த வேறு வழி</b>

பிரேசிலில் அரசாங்கப் பள்ளிகளில் படிக்கும் சுமார் 40 மில்லியன் பிள்ளைகளுக்கு உணவு இலவசம். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்கு மத்திய அரசாங்கம் கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்பப் பண்ணைகளிடமிருந்து நேரடியாக வாங்கச் செலவிட வேண்டும். 2026ஆம் ஆண்டிலிருந்து அதை 45 விழுக்காடாக்கச் சட்டம் திருத்தப்பட்டது.

இங்கே பாடம் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை. பள்ளி நிச்சயமாக வாங்கும் என்று தெரிந்தால் சின்ன விவசாயி துணிந்து காய்கறி போடுவார். அந்தக் காய்கறி மதியம் பிள்ளையின் தட்டில் இருக்கும். பாடப்புத்தகத்தில் படம் போட்டு விளக்குவதைவிட இது மனத்தில் நிற்கும் என்பது என் எண்ணம்.

பல்கலைக்கழக அளவில் போனால் இத்தாலியின் பொலென்ட்ஸோவில் உணவறிவியலுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. பல நாட்டு மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். பாலாடைக்கட்டி செய்பவர், மீனவர் என்று உற்பத்தியாளர்களைத் தேடிப் பயணம் போவது படிப்பின் ஒரு பகுதி.

<b>சரி, நாம்?</b>

நம்முடைய சிக்கல் வேறு. தேவையான உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது, அதுவும் 180க்கும் அதிகமான நாடுகள், வட்டாரங்களிலிருந்து. விவசாயத்துக்கு இருக்கும் நிலம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே உற்பத்தி செய்வது என்ற இலக்கு 2025 நவம்பரில் கைவிடப்பட்டது. இப்போதைய இலக்கு 2035க்கானது: முட்டை, கடலுணவு போன்ற புரத வகையில் 30 விழுக்காடு, காய்கறி போன்ற நார்ச்சத்து வகையில் 20 விழுக்காடு. முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்போதே உள்ளூர்தான். காய்கறியில் சுமார் 3 விழுக்காடுதான்.

பள்ளிகளில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2021ஆம் ஆண்டிலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் சுற்றுச்சூழல் பொறுப்புணர்வுத் திட்டம் இருக்கிறது. பல பள்ளிகளில் தோட்டம் உண்டு. மீந்த உணவை உரமாக்கும் இடங்களும் உண்டு. அது தேவைதான். 2023ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 755,000 டன் உணவுக் கழிவு சேர்ந்தது. மறுபயனீடானது 18 விழுக்காடு.

ஆனால் பள்ளித் தோட்டத்தில் கங்கோங் முளைப்பதைப் பார்த்த பிள்ளைக்கு, வீட்டு அரிசி எப்படி வருகிறது என்று தெரிந்துவிடாது. 2022ஆம் ஆண்டு நாம் இறக்குமதி செய்த அரிசியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது. மறு ஆண்டு ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. பிறகு சிங்கப்பூர் கேட்டுக்கொண்டதால் 50,000 டன் அனுப்பச் சம்மதித்தது. நம் நாட்டுக்கான உணவுப் பாடம் இதில்தான் இருக்கிறது. துறைமுகம், குளிர்பதனக் கிடங்கு, ஜொகூர் பாலத்தில் நிற்கும் லாரி, இரண்டு அரசாங்கங்களின் பேச்சு எல்லாம் அதில் வர வேண்டும். வயல் இல்லாத ஊரில் வயலை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான்.

ஒரு வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. சிற்றுண்டிச்சாலைக் கடை நடத்த ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டதால் 2026 ஜனவரி முதல் 13 பள்ளிகளில் மத்திய சமையற்கூட முறை. பழைய கடைக்கார ஆன்ட்டியையும் அவர் கைமணத்தையும் இழப்பதில் பலருக்கு வருத்தம், அது நியாயமான வருத்தம். ஆனால் ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கிச் சமைக்கும்போது, இன்றைய மீன் எங்கிருந்து வந்தது என்று பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியம் இல்லை.

உங்கள் பள்ளியில் இன்னும் கடைக்கார ஆன்ட்டி இருக்கிறார் என்றால் இன்னும் சுலபம். நாளைக்கு மீ கோரிங் வாங்கும்போது கேட்டுப் பாருங்கள், அந்தக் கோழி எந்த ஊர் என்று. வீட்டில் அரிசி மூட்டை இருந்தால் அதைத் திருப்பிப் பாருங்கள், நாட்டின் பெயர் போட்டிருக்கும்.