பாறைமேட்டுப் பண்ணை: நிலமும் குழந்தையும் ஒருசேர வளர்ந்த கதை

வேளாண்மை வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை நிலவரி, பாசனம், பஞ்சம், குத்தகைப் போராட்டம் முதலியவை. இவற்றுக்கிடையே எளிய கேள்வி ஒன்று விடுபட்டுப் போகிறது. இடுப்பில் ஒரு குழந்தையும் காலடியில் சில ஏக்கர் நிலமுமாக வாழ்வைத் தொடங்கிய இளந்தம்பதியர் அன்றாடம் எதை உண்டனர், எதை விற்றனர், எவரிடம் கடன்பட்டனர் என்பதே அது. இத்தகைய குடும்பங்கள் கணக்கேடு வைப்பது அரிது. வைத்தாலும் அது காப்பகம் சேர்வது அதனினும் அரிது. விதிவிலக்காகத் தாயும் மகளும் ஆகிய இருவருமே எழுத்தாளர்களாய் அமைந்த குடும்பம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 'லிட்டில் ஹவுஸ்' நூல் வரிசையால் உலகறிந்த லாரா இங்கல்ஸ் வைல்டரின் குடும்பமே அது. அந்நூல்களில் வருவது பெரும்பாலும் லாராவின் சிறுமிப் பருவம். நாம் இங்கே காண முற்படுவது அவர் தாயான பின் நடந்ததை.

டகோடாவில் தோற்ற கதை

1862இல் இயற்றப்பட்ட குடியிருப்பு நிலச் சட்டப்படி, ஒருவர் 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டால் சிறு கட்டணத்தோடு அது அவருக்கே உரிமையாகும். 1873ஆம் ஆண்டின் மரவளர்ப்புச் சட்டம் மேலும் 160 ஏக்கருக்கு வழி வகுத்தது. 1878இல் செய்த திருத்தத்துக்குப் பின், அதில் 10 ஏக்கரில் மரம் வளர்த்தால் போதும் என்றாயிற்று. காகிதத்தில் காணும்போது இதைவிடத் தாராளமான ஏற்பாடு வேறில்லை. ஆயின் சட்டத்தால் நிலத்தைத் தர முடிந்ததேயன்றி மழையைத் தர முடியவில்லை.

1885 ஆகஸ்டில் டகோடாவின் டி ஸ்மெட் என்னும் ஊரில் லாராவும் அல்மான்சோ வைல்டரும் மணம் புரிந்தனர். 1886 டிசம்பரில் மகள் ரோஸ் பிறந்தாள். அதன்பின் வந்தவை அடுக்கடுக்கான இழப்புகள். வறட்சியில் பயிர் கருகியது. நட்ட மரக்கன்றுகள் பட்டுப்போயின. 1888இல் தொண்டை அடைப்பான் நோய் கணவன் மனைவி இருவரையும் தாக்கியது. நோய் தணிந்தபின் அல்மான்சோவுக்குக் கால்களில் வாதம் கண்டது. அவர் நடை அதன்பின் முழுமையாகச் சீராகவே இல்லை. 1889 ஆகஸ்டில் பிறந்த ஆண்குழந்தை பெயர் சூட்டப்படும் முன்னரே சில வாரங்களுக்குள் இறந்தது. அத்துயர் ஆறுமுன் வீடு தீக்கிரையாயிற்று. தான் அடுப்பில் விறகைத் திணித்ததே அத்தீக்குக் காரணம் என்று, அப்போது மூன்று வயதும் நிரம்பாத ரோஸ் நம்பினாள். பெரியவளான பின்னும் அந்நினைவு அவளைவிட்டு அகலவில்லை.

நூறு டாலரும் நாற்பது ஏக்கரும்

மினசோட்டாவில் கணவரின் பெற்றோரிடமும், பின்னர் ஃபுளோரிடாவிலும் சிறிதுகாலம் தங்கிவிட்டுக் குடும்பம் 1892இல் டி ஸ்மெட்டுக்கே திரும்பியது. அங்கே லாரா நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலிக்குத் தையல் வேலை செய்தார். சேர்த்த பணம் நூறு டாலர் ஒற்றைத் தாளாக மாற்றப்பட்டு, ஓர் எழுதுபெட்டிக்குள் மறைத்து வைக்கப்பட்டது. 1894 ஜூலையில் குதிரை வண்டியில் புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 650 மைல் கடந்து ஆகஸ்ட் இறுதியில் மிசௌரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பகுதியிலுள்ள மான்ஸ்ஃபீல்டை அடைந்தனர். வழியில் லாரா எழுதிய நாட்குறிப்பு அவர் மறைவுக்குப் பின், 1962இல் ரோஸின் முன்னுரை பின்னுரைகளோடு நூலாயிற்று. நிலத்தைப் பேசி முடித்த வேளையில் அந்த நூறு டாலர் தாளைக் காணாமல் குடும்பமே நிலைகுலைந்ததையும், சில நாட்களுக்குப் பின் அது பெட்டியின் இடுக்கிலிருந்தே கிடைத்ததையும் ரோஸ் அதில் விவரிக்கிறார்.

வாங்கியது 40 ஏக்கர். அதில் உழத்தக்கதாய்த் திருத்தப்பட்டிருந்தது சில ஏக்கரே. ஏனையவை பாறையும் மேடும் காடும். சன்னலற்ற மரக்கட்டைக் குடில் ஒன்று இருந்தது. முந்தைய உரிமையாளர் வாங்கி வைத்து நடாமல் விட்ட நூற்றுக்கணக்கான ஆப்பிள் கன்றுகளும் இருந்தன. 'ராக்கி ரிட்ஜ்', அதாவது பாறைமேடு, என்று தம்பதியர் அந்நிலத்துக்குப் பெயரிட்டனர்.

இங்கே ஒரு கணக்கை நாம் கவனிக்க வேண்டும். ஆப்பிள் கன்று பலன் தர ஏழாண்டுகளாவது ஆகும். ஏழு வயதுக் குழந்தைக்கோ அன்றிரவே உணவு வேண்டும். இந்த ஏழாண்டு இடைவெளியைக் கடப்பது எங்ஙனம் என்பதே சிறுபண்ணைக் குடும்பம் ஒவ்வொன்றின் முன்னும் நிற்கும் சிக்கல். வைல்டர் குடும்பத்துக்கு முதலில் கைகொடுத்தது விறகு. காட்டைத் திருத்த எப்படியும் மரத்தை வெட்டியாக வேண்டும். வெட்டியதை ஊருக்குள் கொண்டு சென்று விற்றால் காசாகும். இரட்டையாள் ரம்பத்தின் ஒரு முனையை அல்மான்சோவும் மறுமுனையை லாராவும் பிடித்து அறுத்தனர். வேலை தேடிக் குடும்பத்தோடு வண்டியில் வந்த ஒருவருக்குத் தம்மிடமிருந்த சொற்ப உணவையும் பகிர்ந்தளித்ததையும், அவர் மறுநாள் வந்து விறகு வெட்ட உதவியதையும், முதல் வண்டி விறகு 50 சென்டுக்கு விலை போனதையும் ரோஸ் பதிவு செய்கிறார். அடுத்துக் கைகொடுத்தது லாராவின் கோழி வளர்ப்பு. முட்டை விற்ற காசு மளிகைக்கடைக் கணக்கைத் தீர்த்தது. அவர் பின்னாளில் எழுத்தாளராய் அறிமுகமானதே கோழி வளர்ப்பில் பெற்ற பெயரால்தான்.

ஊர் வருமானத்தில் வளர்ந்த பண்ணை

எனினும் விறகும் முட்டையும் போதவில்லை. 1890களின் இறுதியில் குடும்பம் பண்ணையை விட்டு மான்ஸ்ஃபீல்ட் ஊருக்குள் குடியேறியது. அல்மான்சோ வண்டியோட்டிச் சரக்கு ஏற்றி இறக்கினார். எண்ணெய் விநியோகம் செய்தார். லாரா இரயில்வேப் பணியாளர்களுக்கும் பயணிகளுக்கும் சமைத்துப் பரிமாறினார். குடியிருந்த வீட்டை அல்மான்சோவின் தந்தை விலைக்கு வாங்கி அவர்களுக்கே பரிசாக அளித்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. ஊரில் ஈட்டிய பணம் நிலத்துக்குள் சென்றது. பண்ணை சிறிது சிறிதாக விரிந்து ஏறக்குறைய 200 ஏக்கரை எட்டியது. 1910ஐ ஒட்டிப் பண்ணைக்குத் திரும்பியவர்கள் அந்நிலத்தின் மரத்தையும் கல்லையும் கொண்டே பத்து அறைகள் கொண்ட வீட்டை 1913இல் கட்டி முடித்தனர். உயரம் குறைந்தவரான லாராவுக்கு ஏற்ப அல்மான்சோ சமையலறை மேடைகளைத் தாழ்வாக அமைத்துக் கொடுத்தார்.

ஆப்பிள் தோட்டமும் பலன் தந்தது. 1912இல் 'மிசௌரி ரூரலிஸ்ட்' இதழில் அல்மான்சோவின் பெயரில் வெளியான கட்டுரை ஒன்று, தமக்கு ஆப்பிள் வளர்ப்பில் முன்னறிவு இல்லாமையால் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே கவனித்து வளர்த்ததைக் கூறுகிறது. வேட்டையாடுவோரைப் பண்ணைக்குள் விடாததால் காடைகள் அச்சமின்றித் திரிந்து பூச்சிகளைத் தின்றன என்ற செய்தியும் அதில் உண்டு.

1916ஆம் ஆண்டின் வேளாண் கடன் சட்டத்துக்குப் பின் மான்ஸ்ஃபீல்டில் அமைந்த விவசாயக் கடன் சங்கத்தின் செயலாளர், பொருளாளர் பொறுப்பை லாரா பத்தாண்டுகளுக்கு மேல் வகித்தார். ஏறத்தாழப் பத்து லட்சம் டாலர் அரசுக் கடன் அவர் கை வழியே விவசாயிகளுக்குச் சென்றது. கடனால் நிலமிழந்த அனுபவம் உடைய ஒருவர் பிறருக்குத் தாங்கத்தக்க வட்டியில் கடன் கிடைக்கச் செய்ததை அவர் வாழ்வின் சிறந்த பகுதிகளுள் ஒன்றாகவே நாம் கருதுகிறோம்.

குழந்தையின் கணக்கு

பண்ணையின் வரவு செலவை மகளின் பக்கமிருந்து பார்த்தால் வேறொரு சித்திரம் தோன்றுகிறது. ரோஸ் கழுதை மீதேறிப் பள்ளி சென்றாள். ஊர்ச் சிறுமியரின் ஏளனத்துக்கு ஆளானாள். சத்துக் குறைவால் தன் பற்கள் கெட்டதையும், வீட்டு வறுமை தன்னை வாட்டியதையும் பிற்காலத்தில் கசப்போடு எழுதினார். பள்ளிப் படிப்பின் இறுதியாண்டை லூசியானாவில் அத்தை வீட்டில் தங்கி 1904இல் முடித்தார். பின்னர்த் தந்திப் பணியாளராக வேலைக்குச் சென்றுவிட்டார். ஆப்பிள் மரங்கள் காய்த்தபோது, பெண் ஊரைவிட்டுப் போகும் பருவத்தை எட்டியிருந்தாள். பெற்றோர் உழைத்தது அவளுக்காகவே. ஆயின் உழைப்பின் பலன் அவள் குழந்தைப் பருவத்துக்குள் வந்து சேரவில்லை.

1932இல் தம் 65ஆம் வயதில் லாரா முதல் நூலை வெளியிட்டார், செப்பனிட்டவர் ரோஸ். 1933இல் வந்த 'ஃபார்மர் பாய்' அல்மான்சோவின் நியூயார்க் மாநிலச் சிறுவயதைச் சொல்வது. அதன் பக்கங்களில் உணவு நிரம்பி வழிகிறது. பசியறிந்த தாயும் பசித்து வளர்ந்த மகளும் சேர்ந்து உருவாக்கிய நூல் அது என்பதை அறிந்து படிப்போர்க்கு அவ்விருந்துகளின் பொருளே வேறு.

இந்நூல்கள் பிறர் உதவி நாடாத உழைப்பின் சான்றாகப் போற்றப்படுவதுண்டு. ரோஸும் பிற்காலத்தில் அரசு உதவிகளைக் கடுமையாக எதிர்த்தவர். வரலாறு அவ்வளவு நேர்கோட்டில் இல்லை. டகோடா நிலம் அரசு கொடுத்தது. ஊர் வீடு தந்தை கொடுத்தது. பண்ணையைப் பெருக்கியது ஊர்ச் சம்பாத்தியம். அனைத்துக்கும் முன்னால் ஓசார்க் மலைப்பகுதி ஓசேஜ் மக்களின் நிலம். 1808, 1825 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் அவர்கள் மிசௌரியிலிருந்து அகற்றப்பட்டனர். பழங்குடியினரை லாராவின் நூல்கள் சித்திரித்த விதம் குறித்த விவாதத்தால், அவர் பெயரில் வழங்கப்பட்டுவந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயர் 2018இல் மாற்றப்பட்டது. இவற்றைச் சொல்வது அத்தம்பதியரின் உழைப்பைக் குறைப்பதாகாது. உழைப்பு மட்டும் போதும் என்று நம்பி நிலத்தில் இறங்கும் இளங்குடும்பங்களுக்கு முழுக் கணக்கையும் காட்டுவதே நேர்மை.

எழுத்தால் பொருளீட்டிய ரோஸ் 1928இல் அதே பண்ணையில் பெற்றோருக்குப் புதுவசதிகளோடு ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்தார். அவர்களும் மகள் மனம் நோகாமல் அதில் குடியிருந்தனர். 1930களின் இடைப்பகுதியில் ரோஸ் பண்ணையைவிட்டு நீங்கியபின், தாழ்ந்த மேடைகள் கொண்ட தம் பழைய வீட்டுக்கே திரும்பினர். அல்மான்சோ 1949இலும் லாரா 1957இலும் மறையும்வரை அதுவே அவர்கள் வீடு. இன்று அது நினைவில்லமாக நிற்கிறது.