தொட்டி நத்தையும் நெல் வயலும்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில மீனும் நீர்ச்செடியும் வளர்ப்பவர்கள், பாசியைத் தின்னட்டும் என்று ரெண்டு நத்தையும் வாங்கி விடுவது உண்டு. நல்லதுதான். ஆனால் அலுத்துப்போனால் அதை ஏரியில் கொண்டுபோய் விடலாமா? இதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது.

பொன் ஆப்பிள் நத்தைக்குப் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1980-ஐ ஒட்டி, சாப்பாட்டுக்கு ஆகும், ஏற்றுமதி பண்ணலாம் என்று தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த சில வருஷத்தில் ஜப்பானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போயிற்று. ருசி பிடிக்கவில்லை, வியாபாரம் படுத்துவிட்டது. கைவிட்ட நத்தை வாய்க்கால் வழியாக வயலில் இறங்கி, நட்ட இளம்பயிரைத் தின்று தீர்த்தது. பிற்பாடு ஸ்பெயின் நெல் வயல்களிலும் பரவவே, 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த இனத்து நத்தைகளையே தடை செய்தது.

நம்ம வயல் நத்தை ஈரமண்ணுக்குள் வெள்ளை முட்டை இடும். அந்த அந்நிய நத்தையோ தண்ணிக்கு மேலே, பயிர்த் தண்டிலும் மதகுச் சுவரிலும் ரோஜா நிறத்தில் கொத்துக்கொத்தாக வைக்கும். கண்டால் குச்சியால் சுரண்டி நசுக்குங்கள்; வேளாண் அலுவலரிடமும் சொல்லுங்கள்.

தொட்டிக்கு நெரைட் நத்தை தேவலாம். அதன் குஞ்சு பிழைக்க உப்புத்தண்ணி வேண்டும். நல்ல தண்ணியில் பெருகாது. எந்த நத்தையானாலும் வேண்டாமென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். பாகூர் ஏரியிலோ ஊசுட்டேரியிலோ விடாதீர்கள். ஏரியில் விட்டது மடை வழியே நம்ம நடவுக்குத்தான் வந்து சேரும்.