ரயிலுக்கு ஒரு புத்தகம்

சென்ற மாதம் ஒரு நூலகக் கூட்டத்தில் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். ஓர் இளம் பெண் வந்து நின்றாள். வங்கியில் வேலையாம். தினமும் தாம்பரத்தில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்குகிறவள்.

"போக ஒரு மணி, வர ஒரு மணி, சார். ரயிலில் படிக்கிறதுக்கு நல்ல புத்தகமா நாலு சொல்லுங்களேன்" என்றாள்.

கேள்வி சின்னக் கேள்விதான். ஆனால் ஐம்பது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மனத்தில் வந்த புத்தகங்கள் எல்லாம் தலையணைப் பருமனாக இருந்தன. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிதுங்குகிற கூட்டத்தில் மறு கையால் அவற்றைத் தூக்கிப் படிக்கப் பயில்வானால்தான் முடியும். "யோசித்து எழுதுகிறேன், அம்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒன்று தெரிந்தது. அவள் கேட்ட கேள்விக்கு ஏறக்குறைய ரயிலின் வயசு இருக்கிறது.

இங்கிலாந்தில் ரயில் வருவதற்கு முன் ஜனங்கள் குதிரை வண்டிகளில் பிரயாணம் செய்தார்கள். அந்த வண்டிகளின் ஆட்டத்தில் எழுத்து கண்ணில் நிற்காது. எதிரே இருப்பவரோடு பேசலாம். அல்லது ஜன்னல் வழியே ஆடுமாடுகளை எண்ணலாம். 1830-இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தில் வண்டி ஓரளவு ஆடாமல் போயிற்று. உட்கார்ந்தபடியே மணிக்கணக்கில் சும்மா இருக்க வேண்டிய ஒரு புது ஜாதி மனிதன் உண்டானான். அவனுக்குப் பிரயாணி என்று பெயர்.

சும்மா இருக்கிறவன் கையில் என்ன கொடுப்பது? ஆரம்பத்தில் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஸ்டேஷன்களில் பழைய பத்திரிகை, பலகாரம் இவற்றோடு மட்டமான கதைப் புத்தகங்களையும் கலந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 1848-ஆம் வருஷம் நவம்பர் மாதம் வில்லியம் ஹென்றி ஸ்மித் என்ற இளைஞர் லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் ஒரு புத்தகக் கடை திறந்தார். அவர் ஒரு பத்திரிகை ஏஜெண்டின் மகன். பக்தியும் கண்டிப்பும் உள்ளவர். குப்பையை எல்லாம் அகற்றிவிட்டு, நல்லதென்று தமக்குப் பட்டதை மட்டும் அடுக்கினார். கேலிக்காரர்கள் அவருக்கு 'மிஷனரி' என்று பட்டம் சூட்டினார்கள். ஆனால் வியாபாரம் நடந்தது. 1851-இல் சாமுவேல் பிலிப்ஸ் என்பவர் லண்டன் ஸ்டேஷன்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு 'டைம்ஸ்' பத்திரிகையில் ரயில் இலக்கியத்தைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். மற்றக் கடைகளைத் திட்டித் தீர்த்துவிட்டு, யூஸ்டன் கடையைப் புகழ்ந்தார். நல்லதை வைத்தால் ஜனங்கள் நல்லதையும் வாங்குகிறார்கள் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. இருந்தும் "ஜனங்கள் கேட்கிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம்" என்று சொல்லும் பதிப்பாளர்கள் இன்றும் இருக்கிறார்கள்!

ஸ்மித் பிற்பாடு பார்லிமெண்டுக்குப் போய், 1877-இல் பிரிட்டிஷ் கடற்படைக்கே மந்திரியானார். புத்தகக் கடைக்காரருக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்று ஊரார் சிரித்தார்கள். சிரிக்கட்டும். 1860-இலேயே அவருடைய கடைகள் சந்தா வாங்கிக்கொண்டு புத்தகங்களை இரவலும் கொடுக்க ஆரம்பித்துவிட்டன. ஒரு ஸ்டேஷனில் எடுத்த புத்தகத்தை இன்னொரு ஸ்டேஷனில் திருப்பிக் கொடுக்கலாம். இந்த ஒன்றுக்காகவே அவருக்கு நான் எத்தனை கப்பல் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

இப்போது விலை விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாளில் அங்கே புதிய நாவல் என்றால் மூன்று பாகமாக வரும். விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். பணக்காரர் வாங்குவார், மற்றவர் நூல் நிலையத்தில் காத்திருப்பார். 1849-இல் ஜார்ஜ் ரௌட்லெட்ஜ் என்ற பதிப்பாளர் 'ரயில்வே லைப்ரரி' என்று ஒரு வரிசையைத் தொடங்கினார். பழைய நாவல்களின் மலிவுப் பதிப்பு. ஒன்று ஒரு ஷில்லிங். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆயிரம் புத்தகங்களுக்கு மேல் வெளிவந்துவிட்டன. பார்த்தவுடன் கையை இழுக்கும்படி மஞ்சள் அட்டையும் படமும் போட்டு மற்றவர்களும் கிளம்பினார்கள். பிரெஞ்சுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. லூயி ஹாஷெத் என்ற பதிப்பாளர் 1852-இல் ரயில் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஏழு வரிசைகளில், வரிசைக்கு ஒரு நிற அட்டையோடு ரயில் புத்தகங்கள் போட்டார். ரயில் தண்டவாளம் போன இடமெல்லாம் புத்தகத்தின் விலை இறங்கிற்று. குமாஸ்தாவும் புத்தகத்துக்குச் சொந்தக்காரனானான்.

விலை மட்டுமா மாறிற்று? கதையின் உருவமே மாறிற்று. 1891-இல் லண்டனில் 'ஸ்ட்ராண்ட்' என்ற மாதப் பத்திரிகை புதிதாக வந்தது. நோயாளிகள் அதிகம் வராத டாக்டர் ஒருவர் அதற்குக் கதை எழுத உட்கார்ந்தார். தொடர்கதையில் ஒரு இதழ் தவறினால் வாசகன் விட்டுவிடுகிறான். ஆகையால் பாத்திரம் ஒன்றே தொடர்ந்து வரட்டும், கதை அந்தந்த இதழிலேயே முடியட்டும் என்று யோசித்தார். அந்த டாக்டர் கானன் டாயில். பாத்திரம் ஷெர்லக் ஹோம்ஸ். ஒரே உட்காரலில் முடிகிற கதை ரயில்காரனுக்கு எவ்வளவு பொருத்தம்! ஹோம்ஸே பாதி நேரம் ரயிலில்தானே போய்க்கொண்டிருக்கிறார்!

அந்தப் பத்திரிகையின் சொந்தக்காரர் ஜார்ஜ் நியூன்ஸ் ஒரு கெட்டிக்காரர். அவருடைய இன்னொரு பத்திரிகை 'டிட்பிட்ஸ்'. ரயில் விபத்தில் இறந்தவர் வசம் அந்தப் பத்திரிகை இருந்தால் குடும்பத்துக்கு நூறு பவுன் என்று 1885-இல் இன்ஷூரன்ஸ் திட்டம் போட்டார். படிப்பதால் பரலோகத்தில் என்ன கிடைக்குமோ தெரியாது; இகலோகத்தில் நூறு பவுன்.

நம் தேசத்துக்கும் இந்தக் காற்று வீசியது. சென்னையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் ரயில் ஓடியது. தென்னாட்டு ஸ்டேஷன்களில் ஹிக்கின்பாதம்ஸ் கடைகள் வந்தன. வடக்கே அலகாபாத்தில் எமில் மொரோ என்பவர் 1877-இல் வீலர் கம்பெனியைத் தொடங்கினார். 1888-இல் அவர் ஓர் இளம் பத்திரிகைக்காரருடைய சிறுகதைகளை ஆறு சிறு புத்தகங்களாகப் பிரித்து, 'இந்திய ரயில்வே லைப்ரரி' என்று பெயரிட்டு, ஒரு ரூபாய் விலையில் ஸ்டேஷன்களில் விற்றார். எழுதியவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. கையில் கிடைத்த பணத்தோடு அடுத்த வருஷமே கப்பலேறினார். 1907-இல் நோபல் பரிசு பெற்ற ருட்யார்ட் கிப்ளிங் அவர்தான். அவருடைய ஏகாதிபத்திய அரசியல் நமக்கு ஒத்துவராது. ஆனால் ஒரு பெரிய எழுத்தாளர் ரயில் பிளாட்பாரத்திலிருந்து உலகத்துக்குப் புறப்பட்டார் என்பதை மறுக்க முடியாது.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்ட சரித்திரம். இனி நான் கண்ணால் பார்த்த சரித்திரம்.

1970-களின் ஆரம்பத்தில் நானும் ஒரு குமாஸ்தா. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மீட்டர்கேஜ் மின்சார ரயிலில் தினம் போவேன். 1931-இல் தொடங்கி 2004 வரை சென்னை நகரத்தின் குமாஸ்தாக்களைச் சுமந்த வண்டி அது. என் பெட்டியில் ஜன்னல் ஓரமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். ஏதோ ஓர் ஆபீசில் கணக்குப் பிரிவு. பழைய பத்திரிகைத் தாளில் அட்டை போட்ட கனமான புத்தகம் மடியில் இருக்கும். பல்லாவரம் தாண்டியதும் பிரிப்பார். எழும்பூர் வருவதற்குள் மூடிவிடுவார். தினம் ஓர் அத்தியாயம். அதற்கு மேல் ஒரு வரி கிடையாது.

ஒரு நாள் என்ன புத்தகம் என்று கேட்டேன். உ. வே. சாமிநாதையருடைய 'என் சரித்திரம்.'

"நூற்றிருபத்திரண்டு அத்தியாயம், தம்பி. எனக்கு ரிடையராக அஞ்சு மாசம் இருக்கு. மாசத்துக்கு இருபத்தஞ்சு வேலை நாள். கணக்கு சரியா இருக்கா?" என்றார்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மனைவிக்கு நடுவில் உடம்புக்கு வந்து இரண்டு வாரம் லீவு போட வேண்டியிருந்தது. மழையில் வண்டி நின்ற நாட்கள் வேறு. மாலை போட்டு அனுப்பிய அன்று பத்தொன்பது அத்தியாயம் பாக்கி.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. அதே ஜன்னல், அதே பெரியவர், அதே புத்தகம்.

"என்ன சார், மறுபடியும் வேலையா?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சீசன் டிக்கெட் எடுத்துட்டேன், தம்பி. வீட்டிலே ஒரு பக்கம் ஓட மாட்டேங்கிறது. உட்கார்ந்தா ரேஷன் கடைங்கிறா. எழுந்திருந்தா பேரன் காலைக் கட்டிக்கிறான். பென்ஷன் விஷயமா ஆபீசுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

கடற்கரையில் இறங்கமாட்டார். அதே வண்டியில் அப்படியே திரும்பிப் போய்விடுவார். முப்பது வருஷம் உழைத்து ஒரு வீடு கட்டியவருக்கு அந்த வீட்டில் இல்லாத ஏதோ ஒன்று அந்த ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அது என்ன என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. யாரும் உரிமை கொண்டாடாத ஒரு மணி நேரம் அது. வீட்டு நேரம் வீட்டாருக்கு; ஆபீஸ் நேரம் துரைக்கு. இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற நேரம் மட்டும் அவனவனுக்குச் சொந்தம். ரயில் சாமானிய மனிதனுக்குக் கொடுத்த பெரிய சொத்து அதுதான்.

'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. 1942 ஏப்ரலில் ஐயரவர்கள் காலமானார்; கதை பாதியில் நின்றது. கடைசி அத்தியாயம் படித்த அன்று பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஐயர் நடு ஸ்டேஷன்லேயே இறங்கிட்டாரே, தம்பி" என்றார்.

மறுநாள் முதல் அவர் வரவில்லை. நான் அடுத்த சம்பளத்தில் அந்தப் புத்தகத்தை வாங்கி, அதே ஜன்னலில் உட்கார்ந்து படித்தேன். பிறகு கதை எழுதத் தொடங்கியபோது பல்லாவரத்துக்கும் எழும்பூருக்கும் இடையே முடிகிற மாதிரிதான் அத்தியாயங்களை அளந்து எழுதினேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பல வருஷங்களுக்குப் பிறகு அந்த ரயிலில் போனேன். பையில் புத்தகம் இருந்தது. தாம்பரத்தில் கைபேசியை எடுத்தேன். தலை நிமிர்ந்தபோது கோட்டை ஸ்டேஷன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் ஒன்றுகூட நினைவில்லை. பெரியவர் பொய் சொல்லிச் சீசன் டிக்கெட் எடுத்துக் காப்பாற்றிய அந்த ஒரு மணியை நான் இலவசமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பிறரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆகையால், அம்மா, நீ கேட்ட நாலு புத்தகங்கள் இவை.

முதலாவது, 'என் சரித்திரம்.' நாளைக்கு ஓர் அத்தியாயம். ஐந்து மாதத்துக்குக் கவலையில்லை. இரண்டாவது, புதுமைப்பித்தன் சிறுகதைகள். போகும்போது ஒன்று படி. வரும்போது அதைப் பற்றி யோசி. மூன்றாவது, ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்.' 1893 முதல் பத்திரிகையில் தொடராக வந்த கதை. இருபத்தாறு வயதில் போய்விட்ட ஒருவர் எழுதியது. அந்தச் சிரிப்பு இன்னும் வாடவில்லை. நாலாவது, உரையோடு கூடிய குறுந்தொகை. உட்கார இடம் கிடைக்காத நாளுக்கு அதுதான் சரி. நாலடி முதல் எட்டடிக்குள் பாட்டு முடிந்துவிடும்; கிண்டியில் ஒன்றைப் படித்துவிட்டு நுங்கம்பாக்கம் வரை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நிற்கலாம்.

'பொன்னியின் செல்வன்' எங்கே என்று கேட்பாய். மாம்பலத்தில் இறங்க வேண்டியவர்களைக் கோட்டை வரை கொண்டுபோய்விட்ட பழி அதற்கு உண்டு. நீ கடைசி ஸ்டேஷனில் இறங்குகிறவள், உனக்குப் பயமில்லை. தாராளமாகப் படி.

கைபேசியிலேயே படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பல்லாவரம் தாண்டியதும் பிரித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.