கல்லூரியின் இரு கதவுகள்

பள்ளிப் படிப்பை முடித்த மாணவன் தன் ஆசிரியரை அணுகி, எந்தக் கல்லூரியில் சேரலாம் என வினவுகின்றான். எத்துறையைப் பயில விருப்பம் என்று ஆசிரியர் திருப்பிக் கேட்கின்றார். விடை தெரியாத மாணவன் தலைகுனிந்து நிற்கின்றான். பதினெட்டு வயதில் தன் துறையை அறியாதிருப்பது ஒரு குறையாகவே பொதுவாகக் கருதப்பட்டு வருகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகள் பல இத்தகைய மாணவனையும் வரவேற்பதாகக் கூறுகின்றன. எல்லா இனத்தார்க்கும் இங்கு இடமுண்டு. பல பாடங்களைப் பயின்று பார்த்தபின் துறையை முடிவு செய்யலாம். உனக்குப் பொருத்தமான கல்லூரி இதுவே என்பன அவற்றின் அறிமுக ஏடுகளில் காணப்படும் சொற்கள். இச்சொற்கள் அங்கு எளிதில் வந்து சேர்ந்தவை அல்ல. எவர் நுழையலாம் என்பது ஒரு கதவு. நுழைந்தவர் எதைப் பயிலலாம் என்பது மற்றொரு கதவு. இரண்டும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு காரணங்களால் திறந்தன. ஒன்றைச் செம்மையாகத் திறந்த கையே மற்றொன்றை அடைத்ததும் உண்டு.

முதற் கதவின் வரலாற்றை ஒகாயோ மாநிலத்திலிருந்து தொடங்குவது பொருந்தும். அம்மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் லேன் இறையியல் கல்லூரி இருந்தது. ஆற்றின் அக்கரையில் கென்டக்கி. அங்கே அடிமை முறை சட்டப்படி நடைபெற்று வந்தது. 1834ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தியோடர் வெல்டு என்னும் மாணவர் முன்னின்று நடத்த, அடிமை முறையை உடனே ஒழிக்க வேண்டுமா என்பது பற்றி லேன் மாணவர்கள் பதினெட்டு இரவுகள் விவாதித்தனர். ஆப்பிரிக்காவிற் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தம் உழைப்பால் ஈட்டிய பொருளைக் கொண்டே தம் விடுதலையை விலைக்கு வாங்கிய ஜேம்ஸ் பிராட்லி என்பாரும் அங்கு மாணவராக இருந்து பேசினார். விவாதத்தோடு நில்லாமல், நகரத்துக் கறுப்பின மக்களுக்கு மாணவர்கள் பள்ளி நடத்தவும் தொடங்கினர். நகர மாந்தர் சினந்தனர். கல்லூரியின் அறங்காவலர்கள் இத்தகைய பேச்சுக்குத் தடை விதித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் மாணவருள் பெரும்பாலோர் கல்லூரியை விட்டு வெளியேறினர்.

வெளியேறியவர்கள் வேறொரு கல்லூரியைத் தேட வேண்டியவர் ஆயினர். அதே மாநிலத்தின் வடபகுதியில், காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில், 1833இல் ஜான் ஷிப்பர்டு, பிலோ ஸ்டூவர்ட் ஆகிய இருவரும் ஓபர்லின் என்னும் கல்லூரியை நிறுவியிருந்தனர். பணமின்றித் தள்ளாடிய சிறு நிறுவனம் அது. ஷிப்பர்டு லேன் மாணவர்களை அழைத்தார். அவர்களோ வேண்டி நிற்கவில்லை; நிபந்தனை விதித்தனர். லேன் அறங்காவலருள் தடையை எதிர்த்து நின்ற ஏசா மேகன் தலைவராக வேண்டும், பேச்சுரிமை வேண்டும், நிறம் பாராது மாணவரைச் சேர்க்க வேண்டும் என்றனர். நியூயார்க் வணிகர் ஆர்தர் டாப்பன் பொருளுதவி செய்ய முன்வந்தார். மாணவர் கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததோடு, தேர்ந்தெடுத்த கல்லூரியின் தன்மையையும் மாற்றியமைத்த நிகழ்ச்சி இது. கல்வி வரலாற்றில் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

எனினும் ஓபர்லின் மகிழ்ந்து வரவேற்றதாக எண்ணுதல் தவறு. அங்கே ஏற்கெனவே பயின்றுகொண்டிருந்த மாணவருள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தாரைச் சேர்ப்பதை எதிர்த்தனர். அவ்வாறு சேர்த்தால் ஈரி ஏரியின் நீரில் இறங்கி நடந்தேனும் தம் ஊர் திரும்புவதாகச் சில பெண்கள் சூளுரைத்தனர் என்பது அக்கல்லூரியின் பழைய வரலாற்று நூலில் இடம்பெற்ற செய்தி. 1835 பிப்ரவரியில் அறங்காவலர் கூடியபோது வாக்குகள் சமமாகப் பிரிந்தன. தலைமை வகித்த ஜான் கீப் அளித்த ஒரு வாக்கே கதவைத் திறந்தது. தீர்மானத்தின் சொற்களோ நேராக எதையும் கூறவில்லை. கறுப்பின மக்களின் கல்வியை இந்நிறுவனம் ஊக்குவிக்கும் என்னும் அளவில் நின்றன. அஞ்சி அஞ்சி எழுதப்பட்ட அவ்வாசகம் போதுமானதாயிற்று. 1837இல் வணிக வீழ்ச்சியால் டாப்பனின் நிறுவனம் நொடித்துப்போக, கல்லூரி கடனில் மூழ்கியது. 1839இல் அதே கீப், வில்லியம் டாஸ் என்பாருடன் இங்கிலாந்து சென்று, அடிமை ஒழிப்பில் ஆர்வம் கொண்டோரிடம் நிதி திரட்டி அதனை மீட்டார்.

1837இல் நான்கு பெண்கள் ஆடவர்க்குரிய முழுப் பட்டப் படிப்பில் சேர்ந்தனர். அவருள் மூவர் 1841இல் பட்டம் பெற்றனர். 1844இல் ஜார்ஜ் வாஷன் அக்கல்லூரியின் முதற் கறுப்பினப் பட்டதாரியானார். 1862இல் பட்டம் பெற்ற மேரி ஜேன் பேட்டர்சன் அம்மையாரே அந்நாட்டில் இளங்கலைப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணி எனப் போற்றப்படுகின்றார்.

நுழைய விட்டது வேறு. நுழைந்தவரை நடத்திய முறை வேறு. ஓபர்லினில் உடலுழைப்பும் கல்வியின் ஒரு பகுதி. ஆடவர் வயலில் உழைக்க, பெண்கள் அவ்வாடவரின் துணிகளைத் துவைத்தும் தைத்தும் வந்தனர். பெண்ணுரிமைப் போராளியாகப் பின்னர்ப் புகழெய்திய லூசி ஸ்டோன் 1847இல் அங்குப் பட்டம் பெற்றார். பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டுரை எழுதும்படி அவரைப் பணித்தனர். ஆனால் பெண் ஒருத்தி அவையேறிப் படித்தல் தகாது என்பதால், பேராசிரியர் ஒருவரே அதனைப் படிப்பார் என்றனர். அவர் எழுத மறுத்துவிட்டார். வரவேற்பு எவ்வளவு என்பதை அளக்க, அறங்காவலர் தீர்மானத்தைவிட இத்தகைய சிறு நிகழ்ச்சிகளே துல்லியமான அளவுகோல். ஓபர்லினிலும் 1880களில், கறுப்பின மாணவியரோடு ஒரே மேசையில் உண்ண வெள்ளை மாணவியர் சிலர் மறுத்த கதை நடந்தது.

இக்காலம் முழுவதும் இரண்டாம் கதவு ஏறத்தாழ மூடியே கிடந்தது. கிரேக்கம், இலத்தீன், கணிதம் என்னும் வகுத்த பாடங்களை எல்லா மாணவரும் ஒன்றாகப் பயின்றனர். யேல் கல்லூரி 1828இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை இம்முறையே மனத்தைப் பண்படுத்தும் என வாதிட்டது. அங்கே துறையை முடிவு செய்யாத மாணவன் என்று ஒருவன் இல்லை. முடிவு செய்ய எதுவும் இல்லாமையே காரணம். எந்த மனிதரும் எந்தப் பாடத்தையும் பயிலத்தக்க இடமாகத் தம் நிறுவனம் அமைய வேண்டும் என்று எஸ்ரா கார்னெல் விரும்பினார். அவர் பெயரால் 1865இல் தோன்றிய பல்கலைக்கழகம் 1868இல் வகுப்புகளைத் தொடங்கியது. இரு கதவுகளையும் ஒரே தொடரில் இணைத்துப் பேசிய பெருமை அவருக்கு உண்டு. ஆயினும் 'எந்த மனிதரும்' என்னும் சொல்லுக்குள் பெண்கள் வந்து சேர 1870 ஆயிற்று.

ஹார்வர்டின் கதை இன்னும் சிக்கலானது. 1869இல், தம் முப்பத்தைந்தாம் வயதில், அதன் தலைவரான சார்லஸ் எலியட் நாற்பதாண்டுகள் பதவி வகித்தார். கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக நீக்கி, விருப்பப் பாடமுறையை நிலைநாட்டினார். மாணவன் தன் மனம் போன வழியில் பயிலலாம் என்றாயிற்று. விளைவு முற்றும் நன்றாக அமையவில்லை. எளிய தொடக்கநிலைப் பாடங்களையே பொறுக்கியெடுத்து, எதிலும் ஆழங்காணாமல் பட்டம் பெற்றோர் பலர். 1909இல் பொறுப்பேற்ற அபட் லாரன்ஸ் லவல் இதற்கு மருந்து கண்டார். ஒரு துறையில் ஆழமும், பிற துறைகளில் ஓரளவு பரப்பும் வேண்டும் என்று விதித்தார். இன்று அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், மாணவன் முதலிரண்டு ஆண்டுகள் பல துறைகளைத் தொட்டுப் பார்த்துப் பின்னர் முதன்மைப் பாடத்தை அறிவிக்கும் முறையின் வேர்களுள் ஒன்று இங்கே உள்ளது. முடிவு செய்யாத மாணவனுக்கு லவல் செய்த நன்மை பெரிது.

அதே லவல்தான் 1922இல் யூத மாணவர் தொகைக்கு வரம்பு கட்ட முயன்றவர். புதுமுக மாணவர் விடுதிகளில் கறுப்பின மாணவருக்கு இடமில்லை என்றும் அவர் விதித்தார். விடுதித் தடையை மேற்பார்வைக் குழு 1923இல் நீக்கியது. வெளிப்படையான வரம்பையும் ஆசிரியர் குழு ஏற்கவில்லை. ஆனால் வேறு வழி கிடைத்தது. 1922 முதல் விண்ணப்பப் படிவம் இனம், சமயம், தாயின் பிறந்த குடும்பப் பெயர் ஆகியவற்றைக் கேட்டது. குடும்பத்தில் எவரேனும் பெயரை மாற்றிக்கொண்டதுண்டா என்றும் கேட்டது. 1926க்குப் பின் தேர்வு மதிப்பெண்ணோடு 'பண்பு' என்பதும் எடைபோடப்பட்டது. யூத மாணவர் தொகை வெகுவாகக் குறைந்தது. கல்லூரிக்குப் 'பொருத்தமானவர்' என்னும் மென்மையான சொல், எவரையும் நேரே மறுக்காமல் பலரை வெளியே நிறுத்த உதவியது. இன்று மாணவன் தனக்குப் பொருத்தமான கல்லூரியைத் தேடுகின்றான். அன்று கல்லூரி தனக்குப் பொருத்தமான மாணவனைத் தேடியது. சொல் ஒன்றே எனினும், அது யார் கையில் இருக்கின்றது என்பதைப் பொறுத்துப் பொருள் தலைகீழாகின்றது.

கல்லூரியின் நல்லெண்ணம் மட்டுமே போதாமற்போன இடமும் உண்டு. கென்டக்கியில், 1855இல் ஜான் ஃபீ தொடங்கிய பெரியா கல்லூரி, உள்நாட்டுப் போருக்குப்பின் இரு இனத்தாரையும் ஒன்றாக அமர்த்திக் கற்பித்தது. 1904இல் மாநிலச் சட்டம் அதனைத் தடை செய்தது. கல்லூரி வழக்காடியது. 1908இல் உச்சநீதிமன்றம் சட்டத்தின் பக்கமே நின்றது. 1950இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அக்கதவு மீண்டும் திறந்தது.

இரு கதவுகளையும் ஒரே காலத்தில் மாணவரே தள்ளித் திறக்க முயன்றது பிரவுன் பல்கலைக்கழகத்தில். 1764இல் தோன்றிய அதன் சாசனம் மாணவரின் சமயத்தைச் சோதிக்கலாகாது என்று அன்றே விதித்திருந்தது. 1968 டிசம்பரில் அதன் கறுப்பின மாணவர் 65 பேர் வளாகத்தை விட்டு நடந்து சென்று, அருகிலிருந்த தேவாலயம் ஒன்றில் தங்கினர். தம் இனத்து மாணவரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. அதே காலத்தில் ஐரா மேகசினர், எலியட் மேக்ஸ்வெல் என்னும் இரு மாணவர் முன்னின்று எழுதிய நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கை, ஆசிரியர்களிடையே விவாதிக்கப்பட்டு வந்தது. 1969 மே மாதத்தில் ஆசிரியர்கள் அதனை ஒட்டி வாக்களித்தனர். எல்லார்க்கும் பொதுவான கட்டாயப் பாடங்கள் நீங்கின. மாணவன் அறியாத துறையில் அச்சமின்றி நுழைந்து பார்க்கட்டும் என்று, தோல்வியைப் பதிவேட்டில் எழுதாது விடும் வழக்கமும் வந்தது.

2023 ஜூன் திங்களில் அமெரிக்க உச்சநீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கருத்திற் கொள்ளும் முறை அரசமைப்புக்கு ஒவ்வாதது எனத் தீர்ப்பளித்தது. ஹார்வர்டு அவ்வழக்கில் எதிர்வாதிகளுள் ஒன்று. இனம் தன் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்பதை மாணவன் தன் கட்டுரையில் எழுதலாம் என்பதைத் தீர்ப்பு விலக்கவில்லை. ஆகவே தேர்வு செய்யும் மாணவனும் அவனுக்கு வழிகாட்டும் ஆசிரியரும் அறிமுக ஏட்டின் ஒளிப்படங்களைக் கடந்து கேட்க வேண்டிய வினாக்கள் இன்றும் பல. துறையை எவ்வாண்டில் அறிவிக்க வேண்டும்? அறிவித்த பின் மாற்றினால் எவ்வளவு காலமும் பணமும் இழக்க நேரும்? அறிவுரை கூறப் பேராசிரியர் உண்டா, அல்லது அலுவலகத்துப் படிவம் மட்டும் உண்டா? சேர்ந்த பல இனத்து மாணவருள் எத்தனை பேர் பட்டத்தோடு வெளிவந்தனர்? உணவு மேசையில் யார் யாரோடு அமர்கின்றனர்? இவற்றுட் சிலவற்றுக்குக் கல்லூரி அலுவலகம் எண்களால் விடை தரும்; கடைசி வினாவுக்கு அங்குப் பயிலும் மாணவரே விடை கூற இயலும். விண்ணப்பப் படிவத்தில் துறையைக் குறிக்கும் இடத்தில், 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்னும் கட்டத்தைப் பல கல்லூரிகள் இன்று அச்சிட்டே தருகின்றன.