கோடிங் தெரிஞ்சா வெள்ளத்துல உதவ முடியுமா? ஐடி ஊழியர்கள் தன்னார்வலராக என்ன செய்யலாம்?

2018 ஆகஸ்ட். கேரளாவில் அணைகள் திறக்கப்பட்டு, மொட்டை மாடிகளில் மக்கள் சிக்கியிருந்த நேரம். ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எங்கு பார்த்தாலும் "இங்கே காப்பாத்துங்க" மெசேஜ்தான். ஆனால் எது உண்மை, எது நேற்று வந்த மெசேஜ், எந்த வீட்டுக்குப் படகு போய்விட்டது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

அப்போது வந்ததுதான் 'கேரளா ரெஸ்க்யூ' இணையதளம். மாநில அரசின் ஐடி மிஷனும், ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் கேரளப் பிரிவும் கைகோர்க்க, மென்பொருள் ஊழியர்களும் மாணவர்களும் சம்பளம் வாங்காமல் உழைத்தார்கள். மீட்புக் கோரிக்கை, நிவாரண முகாம்களின் தேவை, தன்னார்வலர் பதிவு எல்லாம் ஒரே இடத்தில். கோட் முழுவதும் கிட்ஹப்பில் திறந்து கிடந்ததால், வெளியூரில் இருந்தவர்களும் உள்ளே வந்து பிழை திருத்தினார்கள்.

கோடிங் மட்டும் போதுமா?

போதாது. அந்த வெள்ளத்தில் 400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு படகு தவறான வீட்டுக்குப் போனால், அந்த நேரம் இன்னொரு வீட்டுக்கு இல்லை.

ஒரே குடும்பத்துக்காக துபாயில் இருக்கும் மகன், கொச்சியில் இருக்கும் நண்பர், மெசேஜைப் பார்த்த முகம் தெரியாத ஒருவர் என மூணு பேர் பதிவு செய்தால், அது மூணு கோரிக்கையாகத் தெரியும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஃபோன் போட்டு, "இன்னும் அங்கேதான் இருக்கீங்களா, மீட்டுட்டாங்களா?" என்று கேட்க ஆள் வேண்டும். இதையும் தன்னார்வலர்கள்தான் செய்தார்கள். இன்னொரு முக்கியமான விஷயம், மறுமுனையில் அரசு இருந்தது.

இது இல்லாமல், மழை பெய்யும்போது அவசரமாக ஒரு புது ஆப் செய்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் என்ன ஆகும்? மக்கள் அதில் பதிவு செய்துவிட்டு, படகு வரும் என்று காத்திருப்பார்கள். உதவி செய்யாத ஆப் என்று அதை விட்டுவிட முடியாது. அது ஆபத்தான ஆப்.

அப்போ எங்கே ஆரம்பிக்கலாம்?

ஏற்கெனவே நடக்கும் வேலையில் சேருங்கள். 2015 சென்னை வெள்ளத்தின்போது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறிக்கும் ஆன்லைன் மேப் ஒன்று வந்தது. அதன் அடித்தளம் ஓபன்ஸ்ட்ரீட்மேப். பல வருஷமாகத் தன்னார்வலர்கள் தெருத் தெருவாகச் சேர்த்து வைத்த வரைபடம். அது முன்பே தயாராக இருந்ததால்தான் வெள்ளம் வந்த நேரத்தில் கைகொடுத்தது.

பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருளும் இப்படித்தான். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006-ல் தொடங்கியது. இலவசம், தமிழிலும் உண்டு. இதற்கு மொழிபெயர்க்கவும், சோதித்துப் பிழை சொல்லவும் ஆட்கள் தேவை. கோடிங்கே தெரியாது என்றாலும் பரவாயில்லை, மோசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் உங்கள் தமிழ்க் குரலைப் பதிவு செய்து கொடுக்கலாம்.

ஆனால் பெயருக்காகச் செய்யாதீங்க. கிட்ஹப்பில் நான்கு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் தந்துகொண்டிருந்த 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்ச்சியில், 2020-ல் வெட்டித் திருத்தங்கள் குவிந்தன. ஒரு வார்த்தையை மாற்றிவிட்டு டி-ஷர்ட் கேட்டவர்கள் பலர்! நொந்துபோனது, இலவசமாகத் திட்டங்களைப் பராமரிப்பவர்கள்தான். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் திருத்தம் அனுப்பலாம் என்று நிகழ்ச்சியின் நடுவிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது.

பாதியில் விலகலாமா?

தாராளமாக. வேலை, குடும்பம் எல்லாருக்கும் உண்டு. எப்படி விலகுவது என்பதற்கு நல்ல உதாரணம் 'கோவிட்19இந்தியா' தளம். 2020 மார்ச்சில் தொடங்கி, மாநில அரசுகளின் தினசரி அறிக்கைகளைப் பார்த்து எண்களைச் சேர்த்தது தன்னார்வலர் குழு. ஊடகங்களும் ஆய்வாளர்களும் அதை நம்பியிருந்தார்கள். நிறுத்தப் போகிறோம் என்று பல வாரங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டு, 2021 அக்டோபர் 31-ல் நிறுத்தினார்கள். கோட், டேட்டா இரண்டும் திறந்திருந்ததால் வேறு தன்னார்வலர்கள் அந்த வேலையைத் தொடர முடிந்தது.

உங்கள் ஊர் தொண்டு நிறுவனத்துக்குத் தளம் செய்து கொடுத்தாலும் இதே கதைதான். டொமைன், சர்வர் கணக்கு எல்லாம் அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும். உங்கள் கிரெடிட் கார்டில் ஓடும் தளம், நீங்கள் வேலை மாறிப் போன வருஷம் சத்தமில்லாமல் நின்றுவிடும். எக்செல் ஷீட்டே போதும் என்றால் அதையே போட்டுக் கொடுங்கள், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிங்க. ஓய்வு நேரத்தில் எழுதும் கோடும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படி இருந்தால் ஹெச்ஆரிடம் மெயிலில் அனுமதி வாங்கிவிட்டு ஆரம்பிங்க. ஆபீஸ் லேப்டாப்பைத் தொட வேண்டாம்.